வீட்டு மூலையில் ஓர் இரும்புக் குண்டு



உடற்பயிற்சி பற்றிக் கேட்டு நமக்கு வரும் கடிதங்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். "ஜிம்முக்குப் போக நேரமில்லை. நேரம் இருந்தாலும் அங்கே அத்தனை பேர் நடுவில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்." எழுதுகிறவர்களில் பெண்கள் அதிகம், நாற்பதைத் தாண்டியவர்கள் அதிகம். பெரும்பாலோர் காலையில் வாக்கிங் போகிறவர்கள். அப்படியும் முதுகு பிடித்துக்கொள்கிறது, மாடி ஏறினால் முட்டி முனகுகிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். 'நடந்துகொண்டுதானே இருக்கிறோம், இன்னும் என்ன செய்ய?' என்ற ஆதங்கம் வரிக்கு வரி தெரிகிறது.

அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த மாதம் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நடையை விடாதீர்கள். அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கனம் தூக்குங்கள். அதற்கு வீட்டில் ஒரே ஒரு கெட்டில்பெல், அதாவது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, இருந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இது நம் ஊர் பூங்காக்களில் நடக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே வழிகாட்டுதலில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதி நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாம் பாதி வழியிலேயே எங்கோ தங்கிவிட்டது.

சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது நம் தசைகள்தான். அந்தத் தசையோ முப்பதுகளுக்குப் பிறகு, நாம் வேலை கொடுக்காவிட்டால், வருடத்துக்கு வருடம் கரைந்துகொண்டே போகிறது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவதும் எல்லோரும் அறிந்ததே. எலும்பு, தன்மேல் சுமை விழுந்தால்தான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். நடை நல்லதுதான். ஆனால் தோளுக்கும் கைக்கும் முதுகுக்கும் அதனால் கிடைக்கும் சுமை மிகக் குறைவு.

சரி, கனம் தூக்க எத்தனையோ இருக்கிறதே, ஏன் கெட்டில்பெல்? இடம் அடைக்காது என்பது முதல் காரணம். எங்கள் வீட்டு ஹாலில் டிவி மேசைக்குப் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் பார்த்த எங்கள் வீட்டுப் பணிப்பெண், "என்னக்கா, எடைக்கல்லு வாங்கி வச்சிருக்கீங்க? கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் இதன் வரலாறு.

ரஷ்யாவின் சந்தைகளில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கற்கள்தான் இவை. அங்கே இதற்கு கிர்யா என்று பெயர். 1704-லேயே ரஷ்ய அகராதியில் இந்தச் சொல் ஏறிவிட்டதாகச் சொல்வார்கள். எடையைப் பூட் என்ற பழைய அளவில் சொன்னார்கள். ஒரு பூட் என்பது 16 கிலோவுக்குச் சற்று மேல். இன்றும் கடையில் 16, 24, 32 கிலோ என்று குண்டுகள் வருவது அந்த ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் கணக்கில்தான். வேலை ஓய்ந்த நேரத்தில் பந்தயம் கட்டித் தூக்கிப் பார்ப்பது எந்த ஊர்ச் சந்தையிலும் நடப்பதுதானே! அது அங்கே மெல்ல மெல்ல விளையாட்டாகிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிஸ்லாவ் கிரயேவ்ஸ்கி என்ற மருத்துவர் 1885-ல் பளுதூக்கும் அன்பர்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மல்லர் ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட் அவரிடம் தேறியவர். மருத்துவர் ஒருவர் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரும்பையும் தூக்கச் சொன்னார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அமெரிக்காவில் இது பரவலானது மிகச் சமீபத்தில். மின்ஸ்கில் பிறந்த பாவெல் சாட்சூலின் 1998-ல் ஒரு பளுதூக்கும் இதழில் கட்டுரை எழுதினார். வோட்கா, ஊறுகாய்ச் சாறு, கெட்டில்பெல் முதலான ரஷ்யப் பொழுதுபோக்குகள் என்கிற மாதிரி தலைப்பு. தலைப்பு வைக்கத் தெரிந்த மனிதர்! 2001-ல் அவருடைய புத்தகமும் அவர் சொன்ன வடிவில் வார்த்த குண்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. இன்று நம் ஊர் ஜிம்களில் மூலையில் கிடக்கும் குண்டுகள் அந்த வழியாக வந்தவை.

நம் மண்ணுக்கு இந்தச் சங்கதி புதிதில்லை. சிலம்பக் கூடங்களில் இன்றும் சுழலும் கர்லாக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உறவுக்காரக் கட்டைகளை இந்தியாவில் பார்த்த ஆங்கிலேயர்கள் தங்கள் ராணுவப் பயிற்சிக்கு எடுத்துப்போனார்கள். கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே இருந்தது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லைத் தூக்கியவருக்கே பெண் என்பது பழைய வழக்கு. இப்போதெல்லாம் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கெட்டில்பெல்லுக்கு இரண்டாவது காரணம் அதன் அமைப்பு. டம்பெல்லைப் பிடித்தால் கனம் உங்கள் உள்ளங்கைக்கு இரு பக்கமும் சமமாக நிற்கும். கெட்டில்பெல்லில் கனம் கைப்பிடிக்குக் கீழே, கையை விட்டுத் தள்ளித் தொங்குகிறது. ஆகவே அது எப்போதும் எங்கேயாவது போகப் பார்க்கும். அதை அடக்குவதற்கு உடம்பு முழுவதும் வேலை செய்ய வேண்டும். கால்களுக்கு நடுவே வீசவும் முடியும். இந்த வீச்சுதான், அதாவது ஸ்விங்தான், கெட்டில்பெல்லின் உயிர்.

எத்தனை கிலோ வாங்குவது? இதுவரை கனமே தூக்காத பெண்களுக்கு 8 கிலோ சரியான தொடக்கம். ஆண்களுக்கு 12, ஓரளவு உடலுழைப்பு உள்ளவர் என்றால் 16. அறுபதைத் தாண்டியவர்களும் நோயிலிருந்து தேறியவர்களும் 4 அல்லது 6 கிலோவில் தொடங்கலாம். வீட்டு ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கடையில் நிற்கும்போது 24 கிலோவை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, 'இதுதான் சரி, இதுக்குக் குறைஞ்சா பத்தாது' என்று முடிவெடுக்காதீர்கள். ஒரு முறை தூக்குவது வேறு, பத்து முறை ஒழுங்காக வீசுவது வேறு. '8 கிலோ நமக்கு அதிகமோ?' என்று தயங்கும் பெண்கள் தாங்கள் அன்றாடம் தூக்குவதைக் கணக்குப் பார்க்கட்டும். தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. இடுப்பில் ஏறும் மூன்று வயதுப் பிள்ளையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வாங்கும்போது ஒரே வார்ப்பாக வார்த்த இரும்புக் குண்டாகப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட்டோ மணலோ அடைத்தவை மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் கைப்பிடி பருத்தும், உருவம் ஊதியும் இருக்கும், தொடைகளுக்கு நடுவே போகாது. எனக்கு அவை பிடிக்கவில்லை. கைப்பிடிக்கு அடியில் விரல் ஓட்டிப் பாருங்கள். வார்ப்பு விளிம்பு கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். இரண்டு கையும் சேர்ந்து நுழைய இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் தட்டையாக, ஆடாமல் உட்கார வேண்டும். போட்டிகளுக்கென்று எஃகில் செய்த குண்டுகளும் உண்டு. 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் அவை ஒரே அளவில் இருக்கும். நிறத்தை வைத்துத்தான் அடையாளம். 12 நீலம், 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. பார்க்க அழகு, விலையும் அதிகம். வீட்டுக்கு அவை தேவையில்லை.

இடம் என்று பார்த்தால், நீங்கள் கை நீட்டி ஒரு சுற்று சுற்றினால் எதுவும் இடிக்காத அளவு போதும். டைல்ஸ் தரையில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பைப் போடுங்கள். தரைக்காக மட்டுமில்லை, கீழ் வீட்டுக்காரருக்காகவும். டிவி, கண்ணாடி அலமாரி இருக்கும் திசையைப் பார்த்து வீசாதீர்கள். தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சிக்குப் போகும் நாள் வந்தால் சீலிங் ஃபேனை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் நாய்க்குட்டியும் அந்த நேரத்துக்கு வேறு அறையில் இருக்கட்டும். வெறுங்கால் உத்தமம், குதிகால் பஞ்சுபோல் அமுங்கும் ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம், அதில் நின்றால் கால் தள்ளாடும். புடவை, நைட்டி சரிப்படாது. சுடிதாரோ டிராக் பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி நீளமாக இருந்தால் உடைக்குள்ளே விட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. குண்டை வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இடுப்பில் மடிவது. நம்மில் பெரும்பாலோர் கீழே கிடக்கும் பொருளை எடுக்க முதுகை வளைக்கிறோம். கட்டை விளக்குமாறு பிடித்துப் பெருக்கிய பழக்கம் வேறு. முதுகுத்தண்டு நேராக இருக்க, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் மட்டும் உடம்பு மடிய வேண்டும். சொன்னால் புரியாது, செய்தால்தான் புரியும்.

சுவருக்கு முதுகு காட்டி, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும்படி நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு விலகியிருக்கட்டும். முட்டியைச் சற்றே தளர்த்திவிட்டு, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொட்டதும் நிமிருங்கள். பிறகு இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்து மறுபடி தொடுங்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து, சுவர் எட்டியும் எட்டாமல் இருக்கும் இடத்தில் பத்து முறை. தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும், பிடிக்க வேண்டும். முழங்கால்கள் முன்னால் ஓடினால் அது உட்காருவது, மடிவது இல்லை. முதுகு நேராக இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒட்டடைக் கம்பை முதுகோடு நெடுக வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியபடியே இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைத் தினமும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு வாரம் செய்யச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 'இரும்பு எங்கே?' என்பார்கள். ஆனால் கெட்டில்பெல்லால் முதுகு போயிற்று என்று சொல்கிற யாரைக் கேட்டாலும், அவர்கள் தாண்டிப் போன படி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, அதே மடிப்பில் குண்டைத் தூக்குவது. டெட்லிஃப்ட் என்பார்கள். குண்டு இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் இருக்கட்டும். மடிந்து, இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் காதிலிருந்து கீழே இறக்கி, தரையைக் காலால் அழுத்தி எழுந்து நில்லுங்கள். மேலே வந்ததும் பிட்டத்தை இறுக்கி நேராக நிற்க வேண்டும். பின்னால் சாயக் கூடாது. அதே வழியில் இறக்குங்கள். எட்டு முறை செய்தால் ஒரு செட். அப்படி மூன்று செட் போதும். சிலிண்டரை நகர்த்தும்போதும் அரிசி மூட்டையை எடுக்கும்போதும் உங்களை அறியாமல் இந்த மடிப்பு வர ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அதன் பிறகுதான் ஸ்விங். குண்டை உங்களுக்கு ஓர் அடி முன்னால் வையுங்கள். மடிந்து, இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். தொடைகளுக்கு நடுவே, முட்டிக்கு நன்றாக மேலே, பின்னால் வேகமாக இழுத்து விடுங்கள். முன்கைகள் தொடையின் உட்பக்கத்தில் படும். உடனே சட்டென்று நிமிர்ந்து நில்லுங்கள். அந்த நிமிர்வின் வேகத்தில் குண்டு தானாக மிதந்து மார்பு உயரம் வரை வரும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: கைகள் இரண்டும் சங்கிலி, குண்டுதான் பலகை, உந்துகிற கால் உங்கள் இடுப்பு. சங்கிலி எதையும் தூக்குவதில்லை. மறுநாள் தோள் வலித்தால் கையால் தூக்கியிருக்கிறீர்கள். பிட்டமும் தொடையின் பின்பக்கமும் வலித்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

மேலே குண்டு ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் உடம்பு தலை முதல் குதிகால் வரை நேர்க்கோடு. முட்டி நிமிர்ந்து, வயிறு இறுகி, மூச்சு 'உஸ்' என்று வெளியே. பிறகு அவசரப்பட்டு மடியாதீர்கள். குண்டு விழட்டும், கைகள் உடம்பை வந்து தொடுகிற சமயத்தில்தான் மடிய வேண்டும். முன்கூட்டியே மடிந்தால் குண்டு தாழ்ந்து போய் முதுகை இழுக்கும். கடைசி வீச்சுக்குப் பிறகு நின்ற வாக்கில் குண்டைத் தொப்பென்று போடாமல், ஒருமுறை பின்னால் போய்வந்ததும் மடிந்த நிலையிலேயே முன்னால் தரையில் வையுங்கள். செட் முடிந்துவிட்டதே என்று பலரும் கவனத்தை விடுவது இங்கேதான். கை வழுக்கினால் குண்டைப் பிடிக்கப் பாயாதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். டைல்ஸ் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குண்டைத் தலைக்கு மேல் வரை வீசுகிற அமெரிக்க பாணி ஒன்று உண்டு. வீடியோவில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. தோளில் போதிய நெகிழ்வு இல்லாதவர்கள் கீழ்முதுகை வளைத்துத்தான் அந்த உயரத்தை எட்டுவார்கள். மார்பு உயரமே தாராளம்.

இன்னும் இரண்டு பயிற்சி சேர்த்துக்கொண்டால் வீட்டுப் பாடம் முழுமை. ஒன்று, அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் பரப்பிய கோப்ளட் ஸ்குவாட். குண்டைக் கைப்பிடியின் இரு பக்கமும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இரு கால்களுக்கும் நடுவே கீழே உட்கார்ந்து எழுவது. முழங்கை இரண்டும் முட்டியின் உட்பக்கத்தை உரசும் வரை போகலாம். குத்துக்கால் போட்டு உட்காருவது நம் பாட்டிமார்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி இயல்பாக இருந்தது. சோபாவும் மேற்கத்திய கழிப்பறையும் வந்த பிறகு நம் முட்டிகளுக்கு அது மறந்துபோயிற்று. முட்டி வலி உள்ளவர்கள் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுந்தால் போதும். இரண்டாவது, ஒரு கையில் குண்டைத் தொங்கவிட்டு, கொஞ்சமும் சாயாமல் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடப்பது. பிறகு கை மாற்றி நடப்பது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் விலாப்பக்கத் தசைகளும் விரல்களின் பிடியும் எப்படி வேலை செய்கின்றன என்பது மூன்றாவது நடையிலேயே தெரிந்துவிடும்.

படுத்த நிலையிலிருந்து ஒரு கையில் குண்டைத் தூக்கிப் பிடித்தபடியே எழுந்து நிற்கும் டர்க்கிஷ் கெட்-அப் என்று ஒன்று இருக்கிறது. மிக நல்ல பயிற்சி. ஆனால் முதல் இரண்டு மாதத்தில் வேண்டாம். ஆசையாக இருந்தால் நேராகத் தூக்கிய கையின் முஷ்டி மேல் ஒரு செருப்பை வைத்து, அது விழாமல் எழுந்து பழகுங்கள். தரையிலிருந்து பிறர் கையைப் பிடிக்காமல் எழுகிற திறன் எழுபது வயதில் எவ்வளவு பெரிய சொத்து என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு, இருபது நிமிடம். முதல் இரண்டு வாரம் டெட்லிஃப்ட், ஸ்குவாட், நடை மட்டும். மூன்றாவது வாரத்தில் பத்துப் பத்தாக ஐந்து செட் ஸ்விங். ஒரு செட் முடிந்ததும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிற வரை ஓய்வு. போனில் யாரையாவது கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டாம். வாய்விட்டு ஏதாவது சொன்னால் போதும். மாதங்கள் போகப் போக அது பத்து செட், அதாவது நூறு ஸ்விங் என்று வளரும். சாட்சூலின் 2013-ல் எழுதிய புத்தகத்தில் ஒருநாள் பயிற்சியே நூறு ஸ்விங், பத்து கெட்-அப் என்பதோடு முடிந்துவிடுகிறது. அவ்வளவு எளிமையான திட்டம் அது. கனத்தைக் கூட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். 8-லிருந்து 12-க்குப் போவது நான்கே கிலோதானே என்று தோன்றும். ஆனால் அது ஒன்றரை மடங்கு. புதுக் குண்டில் டெட்லிஃப்டும் நடையும் செய்து பழகிவிட்டு, ஸ்விங்கைப் பழைய குண்டிலேயே சில வாரம் தொடருங்கள்.

இதனால் உண்மையில் பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் தசை, மூட்டு வலி அதிகம் காணப்படும் வேலைகளில் இருந்த 40 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சராசரி வயது 44. பயிற்சிக் குழுவினர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை கெட்டில்பெல் செய்தார்கள். கழுத்து, தோள், முதுகு வலி குறைந்தது, முதுகுத் தசையின் வலு கூடியது. ஆனால் நெஞ்சு நுரையீரல் திறனில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. நடையை விடாதீர்கள் என்று மேலே எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் 2012-ல் இன்னொரு செய்தியைச் சொன்னார். ஸ்விங்கில் கீழ்முதுகு எலும்புகளை முன்பின்னாகத் தள்ளும் விசை, வழக்கமான பளுதூக்கலில் இருப்பதற்கு எதிர்த்திசையில் விழுகிறது. சிலருக்கு முதுகுவலி இதனால் குறைவதற்கும், வேறு சிலருக்கு இதே பயிற்சி வலியைக் கிளப்புவதற்கும் அது விளக்கமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது உங்களுக்கும் குணமாகும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ரத்த அழுத்தம், இதய நோய், டிஸ்க் பிரச்சினை, குடலிறக்கம் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், சிசேரியனோ வேறு வயிற்று அறுவை சிகிச்சையோ ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள், டாக்டரிடம் கேட்காமல் குண்டைத் தொடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது; குறைந்துவிடக் கூடும். எல்லோருக்கும் பொதுவானது மூச்சை அடக்காமல் இருப்பது. தசையில் வரும் மந்தமான வலி இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே குத்தினாலோ, முதுகிலிருந்து காலுக்கு மின்னல்போல் இறங்கினாலோ, நெஞ்சு அடைத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

"கனம் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமே" என்ற பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஆகமாட்டீர்கள். ஆண்களுக்கு இருக்கும் அளவு டெஸ்டோஸ்டிரோன் பெண்கள் உடம்பில் இல்லை. மேடையில் தசையைக் காட்டும் பெண்கள் அதற்காகப் பல ஆண்டு கடும் பயிற்சியும் தனி உணவும் எடுத்தவர்கள். 8 கிலோ குண்டால் உங்களுக்கு அதிகபட்சம் வரப்போவது உள்ளங்கையில் கொஞ்சம் காய்ப்பு. அதையும் குளிக்கும்போது கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

குண்டுக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் வியர்வையைத் துடைத்து உலர வையுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். துருவுக்குப் பயந்து கைப்பிடியில் எண்ணெய் தடவிவிடாதீர்கள். அடுத்த நாள் ஸ்விங்கில் குண்டு ஜன்னல் வழியாகப் போய்விடும்.

ஸ்விங்கைத் தொடங்கும் வாரத்தில், கெட்டில்பெல் தெரிந்த ஒரு மாஸ்டரிடம் ஒருமுறையாவது செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அப்படி யாரும் கிடைக்காத ஊராக இருந்தால் போனைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்களையே படம் எடுத்துப் பாருங்கள். முதுகு வளைவது முன்பக்கத்திலிருந்து தெரியாது, பக்கவாட்டில்தான் தெரியும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் போடுகிறோம்.

டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டு வாருங்கள். மற்றவர்கள் இன்று மாலையே சுவருக்கு முதுகு காட்டி நின்று அந்தப் பத்து மடிப்பைத் தொடங்கிவிடுங்கள். குண்டை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்